கடதாசியும் மாப்பசையும்: வன்னிச் சுவர்களில் பேஸ்ட்-அப் எடுபடுமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். பெரிய கடதாசிகளில் படம் கீறி வைத்திருக்கிறீர்கள். அதைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சுவர்களில் ஒட்ட விருப்பம். வெளிநாட்டில் இதற்குப் பேஸ்ட்-அப் என்று பெயர் வைத்து, நூதனசாலை வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். எங்கள் சனம் இதை ஏற்குமா, அல்லது சுவரைப் பழுதாக்கும் வேலை என்று கிழித்து எறியுமா என்பது உங்கள் கேள்வி.

ஏற்கும் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சக் காலம் அச்சகத்திலும் பிறகு பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்திலும் கழித்தவன் நான். இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஆனால் பாரிசும் நியூயோர்க்கும் ஏற்றுக்கொண்ட வழி வேறு, இங்கே ஏற்கப்போகும் வழி வேறு. அது விளங்காமல் பசை வாளியைத் தூக்கினால் பிழையாகிப் போகும்.

முதலில் இந்த வேலையின் தன்மை. சுவரில் நேரே பெயின்ற் அடிப்பவர் சுவருக்கு முன்னால் நாள் கணக்காக நிற்க வேண்டும். பேஸ்ட்-அப் அப்படியில்லை. கீறுவது, வெட்டுவது, மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பது, போட்டோவைப் பெரிதாக்குவது எல்லாம் வீட்டு விறாந்தையிலேயே முடிந்துவிடும். சுவருக்கு முன்னால் நிற்பது பத்து நிமிடம். அதனால்தான் ஒரு முகத்தின் சுருக்கங்களை மூன்று மாதம் இருந்து கீறியவர்கூடத் தெருவுக்கு வர முடிந்தது. அப்புறம், கடதாசி நிலைக்காது. வெயில் வெளிறச் செய்யும், மழை கழுவும், ஆடு மாடு நக்கும். சுவர்க்காரருக்கு இது பெரிய ஆறுதல். பெயின்ற் என்றால் காசு செலவழித்துத் திரும்ப அடிக்க வேண்டும். கடதாசியை ஈரத்துணியும் ஒரு தகட்டுக் கரண்டியும் கொண்டு சுரண்டி எடுத்துவிடலாம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். வன்னியில் கடதாசி ஒட்டாத சந்தி எது? விடிய ஐந்து மணிக்கு ஒரு பெடியன் சைக்கிள் ஹாண்டிலில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். கரியரில் சுருட்டிய கடதாசி. மின்கம்பம், பஸ் தரிப்பிடத்துச் சுவர், பூட்டியிருக்கும் கடையின் பக்கச்சுவர். பிரஷை ஒருதரம் இழுப்பான், கடதாசியை வைப்பான், மேலே இன்னொருதரம் இழுப்பான். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் வேலைக்குப் போகிற ஆட்களும் நின்று வாசிப்பார்கள். "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், உருத்திரபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். நடுவில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய முகம், மேலே கண்ணீர் அஞ்சலி. இப்போது பனர் வந்துவிட்டது, ஆனாலும் கடதாசி போகவில்லை.

அந்தக் கடதாசியை யாரும் கிழிப்பதில்லை. அதன் மேல் தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிறவன்கூட முகத்தை விட்டுப் பக்கத்தில் ஒட்டுவான். ரியூசன் விளம்பரத்தைக் கிழிப்பார்கள், கட்சிக்காரரின் படத்துக்கு மீசை வைப்பார்கள், அஞ்சலியைத் தொட மாட்டார்கள். அது தானாகவே வெளிறி, ஓரம் சுருண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு ஒரு மழையில் விழும். சுவரில் ஒட்டிய முகத்துக்கு மரியாதை கொடுக்கவும், அது மெல்ல மெல்ல மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேஸ்ட்-அப் கலைஞர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவரும் விஷயம் இதுதான். நீங்கள் சனத்துக்குப் புதிய பழக்கம் எதையும் பழக்கப்போவதில்லை.

சரி, வெளிநாட்டில் எப்படி ஏற்றார்கள்? சுவரொட்டிக்கும் அரசுக்கும் உள்ள இழுபறி மிகவும் பழையது. பாரிசின் பழைய கட்டடங்களில் இன்றைக்கும் "ஒட்டுவது தடை, 1881 யூலை 29ஆம் திகதிச் சட்டம்" என்று எழுதியிருக்கும். அது பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். சுதந்திரம் கொடுத்த அதே சட்டத்துக்குள்தான் எங்கே ஒட்டக்கூடாது என்பதும் வந்தது. அந்தக் காலத்தில்தான் யூல் ஷெரே என்பவரின் வண்ணக் கல்லச்சுச் சுவரொட்டிகளை மக்கள் கலையென்று சேகரிக்கத் தொடங்கினார்கள். 1968 மே மாதப் போராட்டத்தின்போது பாரிஸ் நுண்கலைக் கல்லூரியைப் பிடித்த மாணவர்கள் ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் சுவரொட்டிகள் அடித்து இரவோடிரவாக ஒட்டினார்கள். அவையும் பிறகு நூதனசாலைகளுக்குள் போயின.

பிரான்ஸில் இப்படி ஒட்டிய கலைஞர்களில் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியவர் எர்னஸ்ட் பின்யோன் எர்னஸ்ட். 1942இல் நீஸ் நகரில் பிறந்தவர். 1971இல், பாரிஸ் கொம்யூன் எழுச்சி நசுக்கப்பட்டு நூறு ஆண்டு ஆனபோது, விழுந்து கிடக்கும் மனித உடல்களை ஆளளவுக்குக் கடதாசியில் அச்சடித்து, சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிகளில் ஒட்டினார். மேலே போகிறவர் அந்த உடல்களைக் கடந்துதான் போக வேண்டும். அவர் இடத்தைத் தெரிவுசெய்த பிறகுதான் படத்தைக் கீறுவார். அந்த இடத்தில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும், சுவரின் உடைவு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் படத்தின் பாகம். 2021இல் பிரான்ஸின் நுண்கலை அக்கடமி அவரைத் தன் உறுப்பினராக்கியது. படிக்கட்டில் ஒட்டியவர் அந்த இடத்துக்குப் போய்ச்சேர ஐம்பது வருடம் எடுத்தது.

அமெரிக்காவில் ஷெப்பர்ட் ஃபேரியின் கதை வேகமானது. 1989இல் றோட் ஐலண்டில் மாணவனாக இருந்தபோது ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக அடித்து ஒட்டத் தொடங்கினார். 2008இல் ஒபாமாவின் முகத்தோடு அவர் செய்த சுவரொட்டி உலகமெல்லாம் போனது. 2009 ஜனவரியில் அதன் மூலப்படம் வாஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்துக்குள் போனது. அடுத்த மாதம் பொஸ்டன் நகரில் தன் கண்காட்சித் தொடக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரைப் பொலிஸ் கைதுசெய்தது, அங்குள்ள சுவர்களில் ஒட்டிய குற்றத்துக்காக. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நூதனசாலை ஏற்றது மூலப்படத்தை. அதே கை சுவரில் ஒட்டியதற்கு மன்னிப்பு இருக்கவில்லை. 2008இல் லண்டன் டேற் மொடேர்ன் தன் வெளிச்சுவரையே தெருக்கலைஞர் ஆறு பேருக்குக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் ஜேஆர் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். அங்கேயும் சுவர் அவர்களுடையது, அனுமதியும் அவர்களுடையது.

நியூயோர்க்கின் சுவூனைப் பற்றி ஒரு வரி. மரத்திலும் லினோ என்ற மிருதுவான தரைவிரிப்புத் தகட்டிலும் ஆளளவு உருவங்களைச் செதுக்கி, மெல்லிய கடதாசியில் அச்சடித்து, கத்தரித்து ஒட்டுபவர். 2014இல் புரூக்ளின் நூதனசாலையில் பெரிய கண்காட்சி வைத்தார். உங்கள் கோடுகளுக்கு அவரின் வேலை நன்றாக ஒத்துவரும், தேடிப் பாருங்கள்.

ஜேஆரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அவரிடம் படிக்க இருக்கிறது. 2007இல் இஸ்ரேலியர், பாலஸ்தீனர் இருபக்கத்து முகங்களையும் பெரிதாக அச்சடித்து, அந்தப் பிரிவுச் சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டினார். 2009இல் கென்யாவின் கிபேரா சேரியில் அங்குள்ள பெண்களின் கண்களையும் முகங்களையும் கூரைகளின் மேல் விரித்தார். அதைக் கடதாசியில் செய்யாமல் மழை தாங்கும் வைனைல் விரிப்பில் அச்சடித்தார். படம் கீழே இருக்கும் வீட்டுக்கு ஒழுக்கையும் அடைத்தது. கூரையைக் கொடுத்தவருக்கு ஒரு பயன் கிடைத்தது, கிடுகும் தகரமும் பார்த்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். 2019 மார்ச்சில் லூவ்ர் பிரமிட்டின் 30ஆவது ஆண்டுக்கு, நூற்றுக்கணக்கான தொண்டர்களோடு முற்றம் முழுக்கக் கடதாசிக் கீலங்களை ஒட்டினார். ஒட்டி முடிந்து நாளொன்று போவதற்குள் சனம் நடந்து நடந்து அது கிழிந்துபோனது. அவரும் அதை எதிர்பார்த்தே செய்திருந்தார்.

இந்த ஏற்பில் காசும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மூலப்படம் விற்கும், நகரசபை சுற்றுலாவுக்குப் பாவிக்கும், அந்தத் தெருவில் வாடகை ஏறும். ஏழைகளின் தெருவில் ஒட்டிய படம் கடைசியில் அந்த ஏழையையே வெளியே அனுப்பிய இடங்கள் உண்டு. எங்களுக்கு இப்போதைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முறிகண்டிச் சந்தியில் படம் ஒட்டியதற்காகக் கடை வாடகை ஏறாது.

எங்கள் நாட்டிலும் ஓர் அலை வந்தது. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களுக்கு வர்ணம் அடித்தார்கள். யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. அது வரைக்கும் சுவரில் பிரஷ் வைத்தவனைத் துரத்திய ஊர்கள், தாங்களே பெயின்ற் வாங்கிக் கொடுத்தன. சில இடங்களில் அழகாகவும் இருந்தது. தெற்கில் சில சுவர்களில் படைவீரர்களும் போர்க்காட்சிகளும் வந்தன. பழைய சுவரொட்டிகள் எல்லாம் அந்த வர்ணத்துக்குக் கீழே போயின. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: சுவர்ச் சித்திரத்தை ஒரு நாடு ஒரே கிழமையில் ஏற்றுக்கொள்ள முடியும், யாருடைய படம் என்பது பிடித்திருந்தால். உங்கள் படத்தை வன்னிச் சனம் பார்க்கும்போதும் முதல் கேட்கப்போவது அந்தக் கேள்விதான். இது யார்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பெடியன், கரியால் கீறிய ஓர் இளைஞனின் முகத்தைப் பெரிதாக்கி, ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒட்டினான். அவனுடைய கற்பனை முகம். நல்ல கோடு, நல்ல கண்கள். எனக்கும் சந்தோஷம், அனுப்பிவைத்தவனே நான்தான். இரண்டு மணித்தியாலம் கழித்து நாங்கள் அங்கே போய் நின்றபோது, ஒரு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அந்த முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தா. பஸ் வந்தது, ஏறவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தம்பி, இது ஆரின்ர பிள்ளை? இவனையும் காணேல்லையோ? பேர் ஒண்டும் போடேல்லை?" என்று கேட்டா. பெடியனுக்குப் பதில் வரவில்லை. சும்மா கீறியது என்று அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அன்று பின்னேரமே கழற்றினோம். பிழை அவனுடையதில்லை, என்னுடையது. இடத்தை யோசிக்காமல் அனுப்பியவன் நான்.

கட்சிக்காரரின் படத்தை விட்டால், வன்னியில் கடதாசியில் ஒரு முகம் என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்கிறது. ஒன்று அஞ்சலி. மற்றது காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் உறவுகள் உட்கார்ந்தார்கள். அதே மாதம் வவுனியாவில், மார்ச் மாதம் முல்லைத்தீவில். அந்தப் பந்தல்களில் தொங்கிய படங்களைப் பாருங்கள்: பள்ளிக்கூடச் சீருடையில், கலியாண வீட்டில் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. வெயில் பட்டு நீலமாகிப்போன முகங்கள், திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துப் புதிதாகத் தொங்கவிட்ட முகங்கள். உலகத்தின் எந்தப் பேஸ்ட்-அப் கலைஞருக்கும் குறையாத வேலை அது, செய்தவர்கள் அதைக் கலை என்று நினைத்துச் செய்யவில்லை. அந்த வரிசைக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு முகத்தைக் கொண்டுபோய் வைத்தால் பார்க்கிறவருக்கு நெஞ்சு அடிக்கும்.

ஆகவே முகம் கீறுவதென்றால் உயிரோடு இருப்பவரைக் கீறுங்கள், அவரிடம் கேட்டுக் கீறுங்கள், கீழே அவர் விரும்பினால் பெயரும் போடுங்கள். சந்தையில் மீன் விற்கும் அக்கா, நெல் ஆலையில் மூட்டை தூக்கும் அண்ணை, இரணைமடுக் குளத்தில் வலை எறிபவர். உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை அஞ்சலி அளவுக்குப் பெரிதாகச் சுவரில் பார்ப்பது வன்னிக்குப் புதிது. அந்தப் புதுமைக்காகத்தான் உங்கள் வேலை வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பின்யோன் எர்னஸ்ட் படிகளில் செய்ததை இங்கே செய்ய வேண்டாம். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து நடந்து வந்தவர்கள் இந்தத் தெருவில் போய்வருகிறார்கள்.

அடுத்தது சுவர். வெளிநாட்டில் அனுமதியில்லாமல் ஒட்டுவதில் ஒரு வீரம் இருக்கிறது என்று பேசுவார்கள். அங்கே அந்தச் சுவர் பெரும்பாலும் ஒரு கம்பனியுடையது அல்லது நகரசபையுடையது. இங்கே அப்படியா? மீள்குடியேறி வந்தபோது தகரமும் தறப்பாளும்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழுப்பினால் இன்னொரு பகுதி. மிச்சத்துக்குத் தோடு அடகு வைத்தவர்கள், தாங்களே சீமெந்து குழைத்துக் கல் சுமந்தவர்கள் எத்தனை பேர். இன்னும் பூச்சுப் பூசாமல் நிற்கும் சுவர்கள் எத்தனை. அந்தச் சுவரில் கேட்காமல் கைவைப்பது வீரமில்லை. படலையில் நின்று "அம்மா, இதில ஒரு படம் ஒட்டட்டோ?" என்று கேளுங்கள், படத்தை விரித்துக் காட்டுங்கள். மாட்டேன் என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். ஓம் என்றால் அன்றிலிருந்து அந்தப் படத்துக்குக் காவல் நீங்களில்லை, அந்த அம்மாதான்.

கூரையில்லாமல், சன்னம் பட்ட துவாரங்களோடு நிற்கும் வீடுகள் கண்ணுக்கு நல்ல சட்டகமாகத் தெரியும். அவற்றுக்கும் உரிமையாளர் இருக்கிறார், கனடாவிலோ பக்கத்து ஊரிலோ. அங்கே ஒட்டுவதை நான் முற்றாகத் தவிர்ப்பேன்.

பாடசாலை, வைத்தியசாலை, திணைக்களச் சுவர்களைத் தொடாதீர்கள். 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் கடுமையானது, அதில் பிடிபட்டால் பிணை எடுப்பதே கஷ்டம். பிரதேச சபைக்குச் சொந்தமான மதில், பஸ் தரிப்பிடம் என்றால் தவிசாளருக்கோ செயலாளருக்கோ ஒரு கடிதம் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாளியோடு கொண்டு போங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் எதையும் ஒட்டாதீர்கள். அந்தக் காலத்தில் பொது இடத்தில் சுவரொட்டி தடை, கிழிக்க வரும் கூலியாளுக்கு உங்கள் படமும் வேட்பாளரின் படமும் ஒன்றுதான். இன்னொன்று: இரவில் ஒட்டப் போகாதீர்கள். பசை வாளியோடு இரவில் வன்னியில் பிடிபட்டவருக்கு விளக்கம் சொல்லி முடிவதில்லை. காலை ஆறரைக்கு, ஆட்கள் பார்க்க ஒட்டுங்கள். நின்று பார்க்கிற இரண்டு பேர் ஏணியையும் பிடிப்பார்கள்.

இனி பசை. ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் நான்கு கோப்பை தண்ணீர் கொதிக்கும்போது கரைத்ததை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கஞ்சி போலக் கண்ணாடித்தன்மை வரும், அப்போது இறக்குங்கள். ஆறவிட்டால் இன்னும் தடிக்கும். எங்கள் வெக்கைக்கு இரண்டு நாளில் புளித்துவிடும், தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள். சீனி போட்டால் பிடிக்கும் என்பார்கள், எறும்புதான் பிடிக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் என்ற நஞ்சைக் கலக்கும் வழக்கம் சுவரொட்டிக்காரரிடம் உண்டு. நீங்கள் கலக்க வேண்டாம். மாடுகள் கட்டாக்காலியாகத் திரியும் ஊர் இது, அவை பசைக்காகவே கடதாசியைத் தின்னும்.

கடதாசி மெல்லியதாக இருக்கட்டும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் சுவரோடு சேராது. பூசாத சீமெந்துக் கல்லில் குழிகள் உண்டு, மெல்லிய கடதாசி நனைந்ததும் அந்தக் குழிக்குள் இறங்கிச் சுவரின் தோல் போல ஆகிவிடும். அதைக் கையால் தடவிப் பாருங்கள், அப்போதுதான் இந்த வேலையின் ருசி தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் முதலில் வறட்டு பிரஷால் தூசைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து கழன்று வரும். தகரத்தில் நிற்காது, மத்தியானச் சூட்டில் உரிந்துவிடும். சுவருக்கு ஒரு பூச்சு, கடதாசியை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றி, மேலே இன்னொரு பூச்சு. வெயில் ஏறிய சுவரில் பசை உடனே காய்ந்துவிடும், அதனாலும் காலைதான் நல்லது. கறுப்புக்கு இந்தியன் இங்க் அல்லது போட்டோக்கொப்பி ரோனர். இரண்டும் கரி என்பதால் வெயிலுக்கு நிற்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் நிறங்கள் எங்கள் வெயிலில் கெதியாக வெளிறிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, மாரி முடிந்து தை, மாசியில் தொடங்குவது நல்லது. சிறுபோகம் முடியும் வரைக்கும் படம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து தானாகவே எடுத்துவிடும். ஒட்டிய அன்று ஒரு போட்டோ எடுங்கள், பிறகு கிழமைக்கு ஒருதரம் அதே இடத்தில் நின்று எடுங்கள். முதலாவதுக்கு அந்த மீன் விற்கும் அக்காவையே கேட்டுப் பாருங்கள். சந்தைக் குத்தகைக்காரரிடம் நான் கதைக்கிறேன், தெற்குப் பக்கச் சுவரில் காலை வெயில் சாய்வாக விழும், ஆறடிக்கு நாலடி தாங்கும்.